மதிப்பீட்டு அறிக்கையை எப்போது திருப்பி அனுப்பலாம்?

சொத்து மதிப்பீட்டு அறிக்கை வந்ததும் பலர் கடைசிப் பக்கத்துத் தொகையைத்தான் தேடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஒப்பீட்டு விற்பனை அட்டவணை, அதாவது அதுபோன்ற வேறு வீடுகள் விற்ற விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் பட்டியல். பெரும்பாலான ஓட்டைகள் அங்கேதான் இருக்கும்.

ஒப்பிட எடுத்த வீட்டில் கார் நிறுத்துமிடம் உண்டு, மதிப்பிடும் வீட்டில் இல்லை என்று வையுங்கள். ஒப்பீட்டு வீட்டின் விலையிலிருந்து அதற்கான தொகையைக் கழிக்க வேண்டும். 5 சதவீதம் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருந்தால் பிழை 5 அல்ல, 10 சதவீதம். கேட்கும் விலையை விற்ற விலையாகக் காட்டுவதும், ஒரு வீட்டுக்கு உட்புறப் பரப்பையும் இன்னொன்றுக்குப் பொதுப்பகுதி சேர்த்த பரப்பையும் எடுப்பதும் அடிக்கடி நடக்கும்.

அடுத்தது தேய்மானம், அதாவது வயதாக ஆகக் கட்டடத்தின் மதிப்புக் குறைவது. 60 ஆண்டு ஆயுளுள்ள கட்டடத்துக்கு 20 வயது என்றால், ஆண்டுதோறும் ஒரே அளவு கழிக்கும் நேர்கோட்டு முறையில் மூன்றில் ஒரு பங்கு கழியும். அது கட்டடத்துக்கு மட்டும். நிலத்தையும் சேர்த்துக் கழித்திருந்தால் கணக்கே தப்பு.

நிராகரிக்கும்போது “மதிப்பு குறைவு” என்று எழுதாதீர்கள். அது தொகையைத் திணிப்பதாகும். பக்கம், வரிசை எண், என்ன ஆதாரம் தேவை என்று மட்டும் குறிப்பிடுங்கள். உள்ளே போய்ப் பார்க்காமலே பார்த்ததாக எழுதிய அறிக்கைக்குத் திருத்தம் கேட்டுப் பயனில்லை. வேறு மதிப்பீட்டாளரிடம் கொடுங்கள்.