மாத்திரை அட்டையில் ஒரு கர்ப்பிணி

2010-இல் நியூ ஜெர்சி எடிசனில் வேலையில் இருந்தேன். அம்மா மூன்று மாதம் வந்து தங்கியிருந்தார். ஒருநாள் பாத்ரூம் அலமாரியில் என் மாத்திரை அட்டை அவர் கண்ணில் பட்டுவிட்டது. அதில் வயிறு தள்ளிய ஒரு பெண் படம், மேலே குறுக்குக்கோடு. கல்யாணமாகாத மகள் கருத்தடை மாத்திரை போடுகிறாள் என்றே முடிவு கட்டிவிட்டார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் தோசைக்கல்லைப் பார்த்தபடியே கேட்டார்: “யாருடி அந்தப் பையன்?”

பையனெல்லாம் இல்லை, பருதான். தாடையெல்லாம் கோலிக்குண்டு மாதிரி உள்ளேயே பழுத்து வலிக்கும் பரு. காலையில் எழுந்தால் தலையணை உறையில் ரத்தக்கறை இருக்கும்.

மருந்தின் பெயர் ஐசோட்ரெட்டினாயின். வைட்டமின் ஏ-க்குப் பங்காளி. தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளையே சுருக்கிவிடும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கேரி பெக் என்ற தோல் மருத்துவர், எதற்கும் மசியாத பரு இருந்த 14 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். 13 பேருக்கு முழுசாகப் போய்விட்டது, நிறுத்தின பிறகும் வெகுநாள் திரும்பவில்லை. 1979-இல் அந்தக் கட்டுரை வந்தது. 1982-இல் ரோஷ் என்ற மருந்துக் கம்பெனி இதை ‘அக்யூட்டேன்’ என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. ரோஷின் அமெரிக்கத் தலைமையகம் பல காலம் இருந்த நட்லி, எடிசனிலிருந்து கார் ஏறினால் எட்டிவிடுகிற தூரம். 2009-இல் அக்யூட்டேனை அமெரிக்காவில் நிறுத்திவிட்டார்கள், எனக்குக் கிடைத்தது ஜெனரிக், அதாவது வேறு கம்பெனி தயாரித்த அதே மருந்து.

கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று முதல் நாளிலிருந்தே லேபிளில் இருந்தது. ஆனால் லேபிளை யார் படிக்கிறார்கள்? அடுத்த வருடமே குறைகளோடு பிறந்த குழந்தைகள் பற்றிச் செய்தி வர ஆரம்பித்துவிட்டது. 1985-இல் வெளியான ஆய்வில் இந்த மருந்து பட்ட 154 கர்ப்பங்களைக் கணக்கெடுத்திருந்தார்கள். 95 கருக்கலைப்பு, 12 கருச்சிதைவு. மிச்சமிருந்த 47-இல் 21 குழந்தைகளுக்குக் காது, இதயம், மூளை என்று பிறவிக் குறைகள். இந்தக் கணக்கைப் படித்த இரவு நான் மாத்திரை போடவில்லை.

2006 முதல் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு ‘ஐபிளெட்ஜ்’ என்ற கண்காணிப்புத் திட்டம் கட்டாயம். மாதாமாதம் கர்ப்பப் பரிசோதனை செய்யணும், கணினியில் கேள்விகளுக்குப் பதில் சொல்லணும், 30 நாளைக்கு மேல் மாத்திரை தரமாட்டார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். தனிக்கட்டைக்கு எதற்கு இத்தனை விசாரணை என்று முனகியிருக்கிறேன்.

மற்றதெல்லாம் தாங்கிக்கொள்ளக் கூடியதுதான். உதடு பாளம் பாளமாக வெடிக்கும், கொட்டாவி விடவே பயம். கொழுப்புக்கும் ஈரலுக்கும் ரத்தப் பரிசோதனை. மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு போடணும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. விஷயம் தெரிந்ததும் அம்மா மிளகாய்ப்பொடியில் நல்லெண்ணெய்யைக் குளமாக ஊற்ற ஆரம்பித்தார். மனச்சோர்வு விஷயம் மட்டும் இன்றுவரை வாதத்தில் இருக்கிறது. 2000-இல் பார்ட் ஸ்டூபாக் என்ற எம்.பி.யின் மகன் தற்கொலை செய்துகொண்டான். இந்த மருந்துதான் காரணம் என்று அவர் நாடாளுமன்றத்திலேயே போராடினார். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஆறு மாதத்தில் முகம் தெளிந்தது, இதுவரை திரும்பவில்லை. அதனால் இதை விஷம் என்று நான் சொல்லமாட்டேன்.

இத்தனையும் போன வாரம்தான் ஞாபகம் வந்தது. திருச்சியில் அக்கா மகளுக்குத் தை மாதம் கல்யாணம். “சித்தி, முகூர்த்தத்துக்குள்ள முகம் பளிச்சுன்னு ஆயிடுமா?” என்று வாட்ஸ்அப்பில் ஒரு அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அதே மருந்து. தோழிக்கு எழுதின சீட்டை வைத்து வாங்கியிருக்கிறாள். உடனே போன் போட்டேன். நிறுத்து, டாக்டரைப் பார், கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதமாவது கர்ப்பம் ஆகவே கூடாது என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

“கடையில யாரும் ஒண்ணுமே கேக்கலையாடி?”

“கேட்டாங்களே சித்தி. ஒரு அட்டையா, மூணு அட்டையான்னு.”