அரித்த கடிகளும் அரிக்காத ஒரு கடியும்

மருந்துக்கடையில் அந்தக் களிம்பை எடுத்து நீட்டியவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மலைக்குப் போய்விட்டு வந்து பிள்ளையின் கை காலெல்லாம் தடித்துக் கிடக்கும்போது, ராத்திரி நேரத்தில் வேறு எங்கே போவது? எல்லாப் பெற்றோரும் போய் நிற்பது அந்தக் கவுண்டரில்தான். அதனால் அங்கே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வால்பாறைக்குப் போயிருந்தோம். நவம்பர், மழை விட்டும் விடாமலும் இருந்த சமயம். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள், தேயிலைத் தோட்டம், புதுத்தோட்டத்துச் சோலைமந்திகள் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. கோவை திரும்பிய மறுநாள் ஆறு வயது மகளுக்கு முழங்காலுக்குக் கீழே கொத்துக் கொத்தாகத் தடிப்பு, முன்கையில் சில, கன்னத்தில் ஒன்று. சொறிந்து சொறிந்து இரண்டு இடத்தில் ரத்தமே வந்துவிட்டது.

"பூச்சிக்கடிதானுங்க அக்கா, இதத் தடவி விடுங்க, காலைல இருக்காது" என்று கடைக்காரர் ஒரு டியூபைக் கொடுத்தார். பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்கவில்லை. முகத்தில் தடவலாமா என்று நான் கேட்டதற்கு, "தாராளமா" என்றார்.

அவர் சொன்ன மாதிரியே காலையில் அரிப்பு இல்லை. அதுதான் அந்தக் களிம்பின் ஆபத்து. சில நாள் தடவிவிட்டு நிறுத்தியதும் கன்னம் முழுக்கச் சிவந்து, எரிகிறது என்று அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் அட்டைப் பெட்டியை வெளிச்சத்தில் வைத்துப் படித்தேன். பக்கவாட்டில் ஷெட்யூல் எச் எச்சரிக்கை: மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. உள்ளே இருந்தவை குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து. தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை குளோபெட்டசால். கொசுக்கடியில் பூஞ்சையும் கிடையாது, பாக்டீரியாவும் கிடையாது.

டியூபை எடுத்துக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனேன். "பிரிச்ச டியூப எடுத்துக்க மாட்டோங்க. எல்லாரும் இதத்தான் வாங்கறாங்க" என்று பதில் வந்தது. வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தப் பயணம் வீண்தான். ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது பிறகு தோல் மருத்துவரிடம் உதவியது. நீங்களும் எதைத் தடவினாலும் பெட்டியை வைத்திருங்கள். "வெள்ளை டியூப், நீல எழுத்து" என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் புரியாது.

தோல் மருத்துவர் அம்மா பெட்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கினார். இந்த மாதிரிக் களிம்பைக் குழந்தையின் முகத்தில் தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், நிறம் வெளுக்கும், ரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும் என்றார். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் தோல் மருந்தை அதிகம் உறிஞ்சும். படர்தாமரைக்கு இதைத் தடவுகிறவர்களுக்கு அரிப்பு அடங்கிப் பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே போகும் என்பதையும் அவரே சொன்னார். எங்கள் நல்ல நேரம், சீக்கிரமே நிறுத்திவிட்டதால் கன்னம் தானாகச் சரியாகும் என்றார். சரியாகவும் ஆனது.

மகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தடிப்பு, கூடவே இருந்த எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். கொசு குத்தும்போது ரத்தம் உறையாமல் இருக்கத் தன் எச்சிலைச் செலுத்துகிறது. அந்த எச்சிலுக்கு எதிராக நம் உடம்பு விடுகிற ஹிஸ்டமினால்தான் அரிப்பு. பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கடிபட்டுப் பழகியிருக்கும். குழந்தைகளின் உடம்பு இன்னும் பழகவில்லை. அதனால் உடனே ஒரு தடிப்பு, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கெட்டியான ஒரு கொப்புளம் என்று இரண்டு முறை வரும். புதிதாக ஒரு கொசு கடித்தால், ஆறிப்போன பழைய இடங்களும் சேர்ந்து அரிக்கத் தொடங்குவதும் உண்டு. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. திரும்பி வந்த பிறகு மொட்டைமாடியில் ஒரு கொசு கடித்ததற்கு வால்பாறைக் கடிகள் அத்தனையும் விழித்துக்கொண்டன. வளர வளர இது தானாகக் குறையும் என்று கேட்டபோது மனசு லேசானது.

மருத்துவர் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைப்பது, காலமைன் லோஷன், மிகவும் தடித்த இடத்துக்கு மட்டும் வீரியம் குறைந்த ஸ்டீராய்டான 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் சில நாட்களுக்கு, ராத்திரி தூங்குவதற்காக எடைக்குத் தகுந்த அளவில் அரிப்பை அடக்கும் செட்டிரிசின் மருந்து. கூடவே நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். எல்லாவற்றிலும் பலன் தந்தது அதுதான். சொறிந்த புண்ணில் சீழ் வைத்தால்தான் ஆன்டிபயாட்டிக், அதுவரை வேண்டாம். மொத்தச் செலவு அந்த டியூபின் விலையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது.

அவரைக் கொசு அதிகம் கடிக்கவில்லை. அட்டை கடித்தது. தேயிலைத் தோட்டத்து அக்காக்கள் குச்சி முனையில் உப்புப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்கள், தொட்டதும் விழுந்துவிடும். ஆனால் பின்னால் மருத்துவர் சொன்னது வேறு: உப்போ நெருப்போ வைத்தால் அட்டை வயிற்றில் இருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடலாம், நகத்தை அதன் வாய்க்கு அடியில் மெல்லச் செருகி நகர்த்துவதுதான் நல்லது. ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் நெடுநேரம் கசியும், அழுத்திப் பிடித்தால் நிற்கும். அதன் பிறகு நாட்கணக்கில் அரிக்கும். அவர் கணுக்காலைச் சொறிந்துகொண்டே இருந்தார். எங்கள் கவனம் முழுக்க அந்தக் கணுக்காலில்தான் இருந்தது.

காய்ச்சல் வந்தது ஊர் திரும்பி நன்றாக நாளான பிறகு. தலை பிளக்கிற வலி, உடம்பு முழுக்க அடித்துப்போட்ட மாதிரி வலி. பக்கத்துக் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். தட்டணுக்கள் குறைந்திருந்தன. டெங்குக்கான சோதனையில் இல்லை என்று வந்தது. "இருந்தாலும் டெங்குவாத்தான் இருக்கும், சீசன்தானே" என்று சொல்லி ஒரு ஆன்டிபயாட்டிக் ஊசியும் போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. திரும்பப் போனோம், அதே ஊசி. பூச்சிக்கடி பற்றி நான் சொன்னபோது அந்த மருத்துவர் கணுக்காலைக்கூடப் பார்க்கவில்லை. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க" என்றார். வரிசையில் பின்னால் நிற்பவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அத்தைதான் பிடிவாதமாக அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். அங்கே பெரிய கூட்டம், சீட்டு வாங்குவதற்குள் வீட்டுக்காரருக்கு நிற்க முடியவில்லை. ஆனால் உள்ளே இருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா ஒரு மாசத்துல எங்கெங்க போனீங்க?" வால்பாறை என்றதும் சட்டையைக் கழற்றச் சொன்னார். அக்குள், முதுகு, வயிற்று மடிப்பு எல்லாம் பார்த்து, பேண்ட் இடுப்புப் பட்டி அழுத்துகிற இடத்தில் பின்பக்கமாக ஒன்றைக் கண்டுபிடித்தார். சிகரெட்டால் சுட்டது போல நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம்.

வலிக்கவில்லை, அரிக்கவும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நானும் பார்க்கவில்லை, எப்படிப் பார்ப்பேன், அவர் எதையும் சொறியவே இல்லையே அந்த இடத்தில்.

உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுள்ள ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் புல்லிலும் புதரிலும் இருந்து உடம்பில் ஏறி, உடை இறுகும் இடத்தில் தங்கிக் கடிக்கிறது. கடித்த பிறகு பெரும்பாலும் பத்து நாள் வாக்கில் காய்ச்சல் தொடங்கும். ஆறு நாளிலும் வரலாம், மூன்று வாரமும் ஆகலாம். தமிழ்நாட்டில் மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில்தான் இது அதிகம். டெங்குவைப் போலவே இதிலும் தட்டணுக்கள் குறையும் என்பதுதான் முதல் கிளினிக்கில் கண்ணை மறைத்தது. வழக்கமாகப் போடும் பெனிசிலின் வகை ஊசிகள், செஃப் என்று பெயர் தொடங்கும் ஊசிகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, அதுதான் மருந்து. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். நோயை உறுதிசெய்யும் எலைசா சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள், ஆனால் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. கறுப்புப் பொருக்கைப் பார்த்ததுமே மாத்திரையைத் தொடங்கிவிட்டார் அந்த மருத்துவர். விட்டிருந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போயிருக்கக்கூடிய நோய். இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கியது. அன்றைக்கு அவர் தானாக எழுந்து ரசம் சாதம் கேட்டபோது நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

அந்தக் கறுப்புப் பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் பொருக்கு இல்லையென்றாலும் மலை, காடு, வயல், புதர்ப்பக்கம் போய் வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், கேட்கிறார்களோ இல்லையோ நீங்களே முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்புப் பட்டி, காதுக்குப் பின்னால் ஆகிய இடங்களை வீட்டிலேயே ஒருவருக்கொருவர் பார்த்துவிட்டுப் போங்கள். கிளினிக்கில் நேரமில்லை என்பார்கள், வீட்டில் நேரம் இருக்கிறது.

அடுத்த முறைக்கு நாங்கள் மாற்றிக்கொண்டவற்றையும் எழுதுகிறேன். தங்கிய விடுதியில் கொசுவிரட்டிக் களிம்பு கேட்டதற்கு "இங்க கொசுவே இல்லைங்க" என்று சொல்லி ஒரு ஊதுபத்தியைக் கொடுத்தார்கள். அதனால் இனிமேல் எல்லாம் வீட்டிலிருந்தே போகும். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற ஓடோமாஸில் இருப்பது டைஎத்தில் பென்சமைட், 12 சதவீதம். சாயங்காலம் வாசலில் உட்காருவதற்கு அது போதும், நாள் முழுக்கக் காட்டில் நடக்க டீட் 20 அல்லது 30 சதவீதம் அல்லது பிகாரிடின் 20 சதவீதம் உள்ள கொசுவிரட்டியைத் தேடி வாங்கினோம். சதவீதம் கூடினால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதுதான் கூடும், விரட்டும் வேகம் அல்ல. வெயிலுக்கான கிரீம் முதலில், அது காய்ந்த பிறகு கொசுவிரட்டி. குழந்தையின் உள்ளங்கையிலும் கண், வாய்ப் பக்கமும் தடவக் கூடாது. டீட் பட்டால் பிளாஸ்டிக் இளகும். என் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் அதன் தழும்பு இருக்கிறது.

உண்ணிகளுக்கு உடைதான் காவல். முழுக்கால் பேண்டைச் சாக்ஸுக்குள் செருகுவது, புல்லில் நேரடியாக உட்காராமல் தார்ப்பாய் விரிப்பது, துவைத்த துணியைப் புதரிலும் புல்லிலும் காயப்போடாமல் இருப்பது. உடைமேல் அடிக்கும் 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தெளிப்பான் ஒன்று நண்பர் மூலம் கிடைத்தது. அது துணிக்கு மட்டும், தோலுக்கு ஆகாது, அணியுமுன் நன்றாகக் காய வேண்டும். பூனை வளர்ப்பவர்கள் ஈரத்துணியைப் பூனை நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு இது விஷம். அறைக்குத் திரும்பியதும் அந்த உடையோடு கட்டிலில் சாயாமல் நேரே குளியலறை, சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியல், உடை தனிப் பையில், வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில்.

நாய், மாடுகளில் பார்க்கிற பெரிய உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுத்துவிட்டுக் கழுவினால் போதும்.

டாக்சிசைக்ளின் சாப்பிட நேர்ந்தால் ஒரு விஷயம்: டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, இல்லையென்றால் உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். வெயிலிலும் அலையக் கூடாது, தோல் கருகும். இதை மாத்திரை கொடுத்த ஜன்னலில் இருந்த சிஸ்டர் அத்தனை கூட்டத்திலும் இரண்டு தடவை சொல்லி, அவரைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார். மகளின் காலில் கறுப்புப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. மறைய மாதக்கணக்கில் ஆகும், அதற்கென்று தனியாக எந்தக் களிம்பும் வேண்டாம் என்று தோல் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.