குலாபாவில் ஏறி குலாபாவில் இறங்கினோம்

வந்து இரண்டு நாள் ஆகிறது, பையை உதறினால் இன்னும் மணல் கொட்டுகிறது. கோபமும் சந்தோஷமும் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மே லீவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மும்பையில் என்ன செய்வது என்று தவிக்கிறவர்கள் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் நிறைய இருக்கிறோம், யாருக்காவது உதவும்.

திருநெல்வேலியிலிருந்து அண்ணன் பிள்ளைகள் இருவர் வந்திருந்தார்கள். பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7. என் மகனுக்கு 10. எங்களுடையது ஒன் ரூம் கிச்சன். நாலாம் நாளே ஃபேனுக்கு நேரே யார் படுப்பது என்பதில் அடிதடி. வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. சரி, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கடலுக்கு அக்கரையில் இருக்கும் கடற்கரை ஊரான அலிபாக் கிளம்பினேன். மூன்று பகல், இரண்டு இரவு. கையில் 10,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

போன வழியை வரிசையாகச் சொல்கிறேன். ஹார்பர் லைன் ரயிலில் சிஎஸ்எம்டி ஸ்டேஷன், அங்கிருந்து பஸ்ஸில் குலாபாவில் இருக்கும் கேட்வே ஆஃப் இந்தியா. கேட்வேயிலிருந்து அக்கரைப் படகுத்துறையான மாண்ட்வாவுக்கு ஒரு மணி நேரப் படகு. மாண்ட்வாவிலிருந்து அலிபாக் வரை பஸ்ஸும் அந்த டிக்கெட்டிலேயே சேர்த்தி. பென் என்ற ஊர் வழியாகச் சாலையில் போனால் 100 கிலோமீட்டர் சுமார், டிராஃபிக்கில் நாலு மணி நேரம்கூட ஆகும். அதனால் படகுதான். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் மே கடைசிக்கு முன்பே போய்விடுங்கள்.

படகில் முதல் சண்டை. கடல்புறா கூட்டமாக வந்து கையிலிருக்கும் சிப்ஸைக் கொத்திக்கொண்டு போகும் என்று, இவர்கள் ஊரிலிருந்து வந்த நாள் முதல் என் மகன் அளந்துவிட்டிருக்கிறான். ஒன்றுகூட வரவில்லை. அவை குளிர்கால விருந்தாளிகள், மார்ச் வாக்கில் வடக்கே போய்விடும். "பொய்யன்" என்றாள் பெரியவள். இவன் விடுவானா, "அலிபாக் ஸே ஆயா ஹை க்யா?" என்று சின்னவனைப் பார்த்துச் சிரித்தான். "அலிபாக்கிலிருந்து வந்தவனா நீ?" என்று அர்த்தம்; விவரம் தெரியாதவனைக் கேலி செய்ய மும்பைக்காரர்கள் சொல்வது இது. எனக்கு அறவே பிடிக்காது. இந்தப் பேச்சைத் தடை செய்யச் சொல்லி ஒருவர் பம்பாய் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார், 2019-இல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு எப்படிக் குத்தியிருக்கும்! சின்னவனுக்கு இந்தி தெரியாது. ஆனால் கேலி என்று புரிந்துவிட்டது. மாண்ட்வா வரும்வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான்.

நுங்குதான் அவனைத் தேற்றியது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு அம்மா கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். "தாட்கோளா" என்றான் என் மகன். "ஏலே, இது நுங்குலா!" என்று சின்னவன் குதித்தான். பெருவிரலால் தோலை எப்படி நெம்புவது, உள்ளே இருக்கும் தண்ணீர் சிந்தாமல் எப்படி உறிஞ்சுவது என்று சின்னவன் சொல்லிக் கொடுக்க, என் மகன் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டான். டஜன் 120 ரூபாய், கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. போனில் நாலு பேருக்கு 2,000 என்றவர், நேரில் பிள்ளைகளுக்கு மெத்தை தனி என்று தலைக்கு 300 கேட்டார். முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை, ஒரே மெத்தைக்கு மட்டும் பேசி முடித்தேன். மூன்றும் குறுக்கே படுத்து உதைத்துக்கொண்டன.

சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. வீட்டோடு நடத்தும் ஒரு கானாவளியில், அதாவது மெஸ்ஸில், மீன் தாளி: பாக்ரி என்கிற அரிசி ரொட்டி, சோறு, குழம்பு, ரவையில் புரட்டி வறுத்த சுர்மை. அது சுர்மையா, சீலாவா என்று பத்து நிமிடம் விவாதம். ரெண்டும் ஒன்றுதான், நம் வஞ்சிரம். இளஞ்சிவப்பாக வந்த சோல்கடியை ரோஸ் மில்க் என்று நினைத்துச் சின்னவன் மடக்கென்று குடித்தான். கோகம் என்கிற புளிப்புப் பழமும் தேங்காய்ப் பாலும் பூண்டும் பச்சை மிளகாயும் தொண்டையில் இறங்க, கண் விரிந்தது. கொஞ்ச நேரம் யோசித்தான். "இன்னொண்ணு வாங்கித் தாங்க அத்த."

இப்போது கோட்டை. அலிபாக் கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் நிற்கிறதே, அதன் பெயரும் குலாபாதான். இந்த ராய்காட் மாவட்டத்துக்கே 1981 வரை குலாபா என்றுதான் பெயர். "குலாபாவுல படகு ஏறி, ஒரு மணி நேரம் வந்து, மறுபடி குலாபாவா?" என்று பெரியவள் கேட்டாள். நியாயமான கேள்வி.

கடல் வற்றினால் நடந்தே போகலாம். அதனால் அலிபாக்கில் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் வற்றும் நேரத்தைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நன்றாக உள்வாங்கும். நேரம் தினமும் 50 நிமிடம் சுமார் தள்ளிப்போகும். நாங்கள் போனது பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள். காலை எட்டு மணி வாக்கில் வற்று.

நடக்கலாம் என்றேன். குதிரை வண்டி வேண்டும் என்று மூன்றும் அதிசயமாக ஒரே குரலில் கேட்டதால் மனம் இளகி, போக வர 500 என்று பேசி ஏறினோம். கோட்டைக்குள் நுழையப் பெரியவர்களுக்கு 25 ரூபாய், 15 வயதுக்குள் இலவசம். சிவாஜி காலத்தில் தொடங்கி அவர் மகன் சம்பாஜி காலத்தில் முடித்தது, மராட்டியக் கடற்படைத் தலைவர் கன்ஹோஜி ஆங்ரேயின் தளம். சுற்றிலும் உப்புக் கடல், உள்ளே நல்ல தண்ணீர்க் குளம்! பிள்ளையார் கோயிலில் கும்பிட்டோம். சக்கரம் வைத்த இரண்டு பீரங்கிகள் இருக்கின்றன, இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் வார்த்ததாக அதிலேயே பொறித்திருக்கிறது. பீரங்கிகள் இரண்டு, பிள்ளைகள் மூன்று. அங்கே நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை.

எட்டே முக்காலுக்கு வெளியே வந்தால் வண்டிக்காரர், 500 என்றது வருவதற்கு மட்டும், திரும்ப இன்னொரு 500 என்கிறார். தண்ணீர் ஏறுகிறது, சீக்கிரம் முடிவு பண்ணு என்று மிரட்டல் வேறு. பிள்ளைகளோடு தனியாக வந்த பெண்ணிடம் கடலைக் காட்டிப் பணம் பறிப்பது என்ன நியாயம்? "அத்த, அவரு பொய் சொல்லுதாரு, நான் கேட்டேன், போக வரன்னுதான் சொன்னாரு" என்று பெரியவள் முன்னால் வந்து நின்றாள். 250 ரூபாயைக் கையில் வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினேன். வற்றிய முதல் ஒரு மணி நேரம் கடல் மெதுவாகத்தான் ஏறும், வேகம் அதற்கப்புறம்தான். இன்னும் இருபது பேராவது முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்கள்.

தண்ணீர் முதலில் கணுக்கால். பாதி வழியில் எனக்கு முழங்கால், சின்னவனுக்குத் தொடை. அலை இழுக்கும்போது பாதத்துக்கு அடியிலிருந்து மணல் நழுவுகிறது. சின்னவனின் ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு, கழன்று, மிதந்து போனது. பிடிக்கப் பாய்ந்த என் மகனின் சட்டைக் காலரைப் பெரியவள் கொத்தாகப் பிடித்தாள். "மச்சான், போனா போட்டும், விடுலே!" என்று சின்னவன் கத்தினான். என் நெஞ்சு அடித்துக்கொண்டது கரை ஏறும்வரை நிற்கவில்லை. ஏறியதும் ஈர மணலில் விழுந்து மூன்றும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அடுத்த நிமிடம், செருப்பு போனது யாரால் என்று சண்டை.

ஊருக்குக் கொண்டுபோக அலிபாக் வெள்ளை வெங்காயம் வாங்கினோம். சடை பின்னின மாதிரி தாளோடு பின்னித் தொங்கவிட்டு விற்கிறார்கள், காரமே இல்லை. கையில் 640 ரூபாய் மிச்சம்.

நேற்று மாலை கீழே விளையாடப் போன சின்னவனுக்குப் பந்து பிடிக்கத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டடப் பையன் ஒருவன் அதே கேலியைச் சொல்லியிருக்கிறான். இவன் தலையை நிமிர்த்தி, "ஆமா, நேத்துதான் வந்தேன், கடல்ல நடந்தே வந்தேன்" என்று தமிழிலேயே சொன்னானாம். மாடி ஏறி ஓடிவந்து எனக்கு இதைச் சொன்னவன் என் மகன்.