அது மார்ச் மாத அட்டைப்படமே இல்லை

புலம்பெயர்ந்த தமிழர்கள் 2000களின் தொடக்கத்தில் நடத்திய ஓர் இணைய இதழ்தான் என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். தளத்தை மூடி வருடக்கணக்காகிவிட்டது. ஆனாலும் எனக்குக் கவலையில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு 1996இலிருந்தே வலைப்பக்கங்களைச் சேமித்து வருகிறது. அந்தச் சேமிப்பைக் காட்டும் அதன் வேபேக் மெஷின் தளத்தில் முகவரியைத் தட்டினால் எல்லாம் வந்துவிடும் என்று நம்பினேன்.

வந்தது. ஆனால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். கோப்பே கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எட்டிப் பார்த்த உடனேயே "இது பாமினி" என்றார். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று வர வேண்டுமானால் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி அடிக்க வேண்டும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடு பரவும்வரை தமிழ்த் தளங்கள் இப்படித்தான் பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு வழியில் இயங்கின. சேமிப்பில் எந்தக் குறையும் இல்லை. எழுத்துருதான் என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டேன். மாற்றும்போது பிழைகள் நுழையும் என்பதால் மூலத்தையும் தொடாமல் வைத்திருக்கிறேன்.

அடுத்தது, என்னை உண்மையிலேயே கலங்கடித்த விஷயம். 2003 மார்ச் இதழின் அட்டைப்படத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். வேபேக் முகவரியில் இருந்த, சேமித்த தேதியையும் நேரத்தையும் குறிக்கும் 14 இலக்க நேரமுத்திரை மார்ச் என்றுதான் சொன்னது. ஆனால் அந்த முத்திரை பக்கத்துக்கு மட்டுமே உரியது. படங்கள் தனித்தனிக் கோப்புகள். அன்று சேமிக்கப்படாத படத்துக்குப் பதிலாக, அதே முகவரியில் கிடைக்கும் நெருங்கிய தேதிப் படத்தை வேபேக் காட்டும். இந்த இதழோ மாதாமாதம் அட்டையை ஒரே கோப்புப் பெயரில் ஏற்றியிருக்கிறது. பக்கத்தின் மேல்பட்டையில் இருக்கும் விவரத்தைத் திறந்து ஒவ்வொரு கோப்பின் நேரத்தையும் பார்த்தேன். நான் வர்ணித்தது நவம்பர் அட்டை. அந்த இரண்டு பக்கத்தையும் தூக்கிவிட்டேன்.

வேபேக் நாட்காட்டியில் தெரியும் வட்டங்களையும் தப்பாகத்தான் படித்திருந்தேன். அவை தளம் புதுப்பிக்கப்பட்ட நாட்கள் அல்ல, சேமிப்பு நிரல் வந்துபோன நாட்கள்.

இதழில் எழுதிய சிலரின் சொந்தத் தளங்கள் இன்னும் இருக்கின்றன. "இதையெல்லாம் இப்போதே எடுத்து வை" என்றார் நெறியாளர். வேபேக்கில் நாமே பக்கத்தைச் சேமிக்க உதவும் 'சேவ் பேஜ் நவ்'வில் முகப்பைக் கொடுத்தால் தளம் முழுக்கச் சேமிக்கப்படும் என்றிருந்தேன். அந்த ஒரு பக்கம்தான் சேர்ந்தது. பிடிஎஃபாக எடுத்தால் இணைப்புகளின் பின்னால் உள்ள பக்கங்கள் வராது. கடைசியில் ஆர்க்கைவ்வெப்.பேஜ் என்ற உலாவி நீட்சியைப் போட்டு, ஒவ்வொரு பக்கமாக நானே திறந்து பதிவு செய்தேன். நாம் திறக்காத பக்கம் அதில் பதிவாகாது. ஆகவே பொறுமை வேண்டும். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பார்த்தேன். எது விடுபட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

வரைவைப் படித்த நெறியாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த மாதங்களில் இதழ் வரலையா, இல்ல யாரும் சேமிக்கலையா?" அட்டவணையில் ஏழு இடங்களில் 'வெளிவரவில்லை' என்று எழுதியிருந்தேன். ஏழையும் அடித்துவிட்டு 'சேமிப்பில் இல்லை' என்று மாற்றினேன். அந்த ஏழில் இரண்டு இதழ்களை, அவற்றில் எழுதிய ஒருவர் தன் பழைய குறுந்தகட்டிலிருந்து எடுத்து அனுப்பினார்.