வெறும் கூடு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், புரோவோ பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் பிசியோதெரபிஸ்டாக நான் சேர்ந்த புதிது. சர்க்கரை நோயால் இடது முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்ட பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். எழுபதைத் தாண்டியவர், அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர். ஒரு நாள் காலை, எடுத்ததுபோக மிச்சமிருந்த இடது கால் பகுதியில் எலாஸ்டிக் பேண்டேஜை 8 போட்ட மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். நுனியில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. மாறிப்போனால் நுனி வீங்கிவிடும். அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் ஆறுதலுக்குச் சொல்கிற வார்த்தை என் வாயில் தானாக வந்தது. "உடம்பு வெறும் கூடுதானே சார், ஆத்மாதான் முக்கியம்" என்றேன்.

அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "கடவுளுக்கே உடம்பு இருக்கிறதே, அதையும் கூடு என்பாயா?" என்றார். குரலில் கோபம் இல்லை. மனசு நொந்திருந்தது.

நான் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். 'தேவன் ஆவியாயிருக்கிறார்' என்று சண்டே ஸ்கூலில் மனப்பாடம் செய்தவள். அன்று இடைவேளையில் ஒரு மார்மன் தோழியிடம் கேட்டேன். அவர்கள் டீ, காபி தொடமாட்டார்கள்; சூடான சாக்லேட்டை ஆற்றிக்கொண்டே சொன்னாள். 1820-ல் நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா அருகே, ஒரு தோப்பில் ஜெபித்த சிறுவன் ஜோசப் ஸ்மித், பின்னாளில் அவர்கள் சபையைத் தொடங்கியவர், பிதாவையும் குமாரனையும் தனித்தனியே இரண்டு பேராகக் கண்டதாக அவர்கள் நம்புகிறார்கள். 1843 ஏப்ரலில் இல்லினாயில் அவரே போதித்தார்: பிதாவுக்கு மனிதனுக்கு இருப்பதுபோலவே தொட்டுணரக்கூடிய மாம்சமும் எலும்பும் உண்டு, குமாரனுக்கும் உண்டு, பரிசுத்த ஆவிக்கு மட்டும் இல்லை. மறு வருடம், கிணற்று வேலையில் இறந்த கிங் ஃபாலட் என்ற நண்பரை நினைத்துப் பேசியபோது, கடவுளும் ஒரு காலத்தில் நம்மைப் போல் இருந்தவர்தான் என்றார். மற்ற சபைகள் இதை ஏற்பதே இல்லை. நானும் ஏற்கவில்லை.

ஆனால் அவள் அடுத்துச் சொன்னது என்னை உலுக்கியது. அவர்களுக்கு ஆத்மா என்றால் ஆவியும் உடம்பும் சேர்ந்ததுதான். பூமிக்கு வருவதே உடம்பைப் பெறத்தான். உயிர்த்தெழும்போது ஒரு தலைமயிர்கூடக் குறையாமல் எல்லாம் திரும்பி வரும். அப்படி நம்புகிறவரிடம் போய் நான் கூடு என்று சொல்லியிருக்கிறேன்! மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். அதற்கப்புறம் எந்த நோயாளியிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது என்று அவர் அடிக்கடி சொல்வார். மூளையில் அந்தக் காலுக்கான இடம் இன்னும் அழியாததால் வருவது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆவிக்கும் உடம்பின் வடிவம்தான். அந்தக் கால் எங்கேயும் போகவில்லை" என்றார்.

அன்று, இல்லாத காலில் வரும் அந்த உணர்வைத் தணிக்கக் கண்ணாடிப் பயிற்சி. இரண்டு கால்களுக்கும் நடுவில் நீளக் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பம் போன காலின் இடத்தில் தெரியும்படி வைத்தேன். விரல்களை மெதுவாக மடக்கி நீட்டினார். கண்ணாடியிலும் ஐந்து விரல்கள் மடங்கி நீண்டன. கையை நீட்டி அந்தப் பிம்பத்தைத் தொட்டார். நேரம் முடிந்தும் நான் கண்ணாடியை எடுக்கவில்லை.