ஏற்காட்டு ஓடைகள்: பீவர் இல்லாத மலையில் கல் தடுப்பணை

சேலம் அடிவாரத்தில் இருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறிவிடுவதுதான் வழக்கம். ஆற்றைத் தெரிந்துகொள்ள வந்தவர்கள் கவனிக்க வேண்டியது சாலைக்கு அடியில் போகும் சிறுபாலங்களை. ஒவ்வொன்றும் ஓர் ஓடை. மழை பெய்த மறுநாள் காலையில் போய், அகலமான இடமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டுங்கள். ஓர் ஓடையில் தண்ணீர் கண்ணாடி போல ஓடும். அடுத்ததில் செம்மண் கலங்கலாக வரும். இன்னொன்று அதற்குள் வற்றியே போயிருக்கும். தெளிந்து ஓடும் ஓடைக்கு மேலே பெரும்பாலும் சோலைக்காடோ, சில்வர் ஓக் நிழலில் காப்பித் தோட்டமோ இருக்கும். கலங்கலுக்கு மேலே யாரோ மண்ணை வெட்டித் திறந்து போட்டிருப்பார்கள்.

இந்த ஓடைகள்தான் கீழே ஆறாகின்றன. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்துக்குள் புகுந்து காவிரிக்குப் போகிறது. சரபங்கா நதி ஓமலூர், எடப்பாடிப் பக்கமாகப் போய் அதே காவிரியில் சேர்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அவ்வளவு இறக்கத்தையும் தண்ணீர் மிகக் குறுகிய தூரத்தில் கடக்கிறது. அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடினப் பாறை. தண்ணீரைத் தன் வெடிப்புகளில் மட்டுமே உள்ளே விடும். மழைநீரைப் பிடித்து வைப்பது பாறைக்கு மேலே கிடக்கும் மண்தான். அந்த மண் போனால் கோடையில் சுனையும் போய்விடும்.

காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். நாலு நாள் தூறி இறங்க வேண்டிய மழை ஒரே இரவில் கொட்டுவதற்கு இது முக்கியக் காரணம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்ததும், போக்குவரத்து நின்றதும் சேலத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது.

இப்படிப்பட்ட மலை ஓடைகளை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பீவர் என்ற விலங்கு கட்டி நிறுத்துகிறது. நம் காவிரியில் மீன் பிடிக்கும் நீர்நாய் வேறு, இது வேறு. பீவர் எலி, அணில் போன்ற கொறிக்கும் இனம், தட்டை வால், மீனைத் தொடாது, மரப்பட்டையும் தழையும்தான் உணவு. தன் வீட்டு வாசல் எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருந்தால்தான் ஓநாய் நெருங்காது. அதற்காக கிளை, கல், சேறு வைத்து ஓடையை அடைக்கிறது. அந்த அணை ஒழுகும். ஒன்றோடு நிற்காமல் ஓடை நெடுக அடுத்தடுத்துப் படிக்கட்டு மாதிரிக் கட்டுகிறது. வெள்ளம் ஒவ்வொரு படியிலும் வேகம் இழக்கிறது, வண்டல் தங்குகிறது, கரையோர நிலத்தடி நீர் ஏறுகிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காட்டுத்தீ எரிந்த இடங்களை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று, பீவர் வாழும் ஓடைக்கரைகள் மற்ற கரைகளைவிடப் பசுமை குறையாமல் தப்பியதைக் காட்டியது.

அப்படியானால் இங்கே கொண்டுவந்து விடலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. 1946-ல் அர்ஜென்டினாவின் தெற்கு முனையில் ரோமத் தொழிலுக்காக விட்ட பீவர்கள் பெருகி, வெட்டினால் துளிர்க்கத் தெரியாத அந்த ஊர்க் காடுகளை அழித்தன. விலங்கு வேண்டாம், அதன் வேலைமுறை போதும்.

ஏற்காடு ஏரிக்கரையில் நின்று யோசித்தால் இது விளங்கும். ஏரி வழிந்தால் அந்த நீர் கிளியூர் அருவியில் சுமார் 300 அடி விழுகிறது. மலையெங்கும் அரித்து வரும் மண்ணை ஒரே ஏரியோ, அடிவாரத்தில் ஒரே கான்கிரீட் சுவரோ தாங்காது. தடுக்க வேண்டிய இடம் ஓடையின் தலைப்பகுதி. அங்கே கைவேலையாகவே கல் தடுப்பணை போடலாம்.

படுகைச் சரிவு 20 சதவீதத்துக்குள் உள்ள சிற்றோடையாக இருக்க வேண்டும். உயரம் 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. முக்கால் மீட்டர் இன்னும் பத்திரம். படுகையில் 30 சென்டிமீட்டர் தோண்டி அடிக்கல் வையுங்கள். இரு கரைக்குள்ளும் அரை மீட்டர் புகுத்துங்கள். மேல்பக்கச் சரிவு 1-க்கு 1 (1 மீட்டர் உயரத்துக்கு 1 மீட்டர் அகலம்), கீழ்ப்பக்கம் 1-க்கு 2. மேல்முகட்டில் நடுப்பகுதி கரையோரத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இடைவெளிக்குக் கணக்கு எளிது: கீழ் அணையின் முகடும் மேல் அணையின் அடியும் ஒரே மட்டம். 10 சதவீதச் சரிவில் 1 மீட்டர் அணைகள் 10 மீட்டருக்கு ஒன்று.

ஓடை 4 மீட்டர் அகலம், அணை 1 மீட்டர் உயரம், முகட்டின் அகலம் 40 சென்டிமீட்டர் என்றால் வெளியே தெரியும் பகுதிக்கு 7.6 கன மீட்டர் கல், அடிக்குழிக்கு இன்னொரு 4. ஆக நாலு யூனிட்டுக்குச் சற்று மேல் (ஒரு யூனிட் 100 கன அடி), கரைக்குள் புதைப்பது தனி. கல் 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல், மூலை உள்ளதாக இருக்கட்டும். உருண்டைக் கல் வெள்ளத்தில் உருண்டே போகும். பெரியவை கீழ்ப்பக்கம் வெளியே, சிறியவை உள்ளே. அதே ஓடையின் கரையைப் பெயர்த்துக் கல் எடுக்கவே கூடாது; தடுக்க வந்த அரிப்பை நாமே தொடங்கிவைப்பதாகிவிடும்.

கெடுவது பெரும்பாலும் மூன்று வழியில். நடு தாழாமல் விட்டால் வெள்ளம் ஓரமாகப் போய்க் கரையை அறுத்துப் புது வழி எடுக்கும். அடிக்கல் ஆழம் போதாவிட்டால் அடியில் துளை விழும். கீழே விழும் நீருக்குக் கல் பாவாவிட்டால் குழி பறிந்து அணையே முன்னால் சாயும். சிமென்ட் பூசி ஒழுகலை அடைக்க நினைப்பது வீண் வேலை. இலையும் வண்டலும் தானே அடைக்கும், அதற்கு இரண்டு மழை போதும். பின்னால் மண் நிரம்பிவிட்டதே என்று யாரும் வருந்த வேண்டாம். பீவர் குட்டையும் நிரம்பிப் புல்வெளியாகத்தான் மாறும். நிரம்பிய மண்தான் இங்கே தொட்டி, அதில் வெட்டிவேர் நடலாம்.

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வாங்காமல் கல்லை நகர்த்தக்கூட முடியாது. வேலை கோடையில் தொடங்கிப் புரட்டாசிக்குள் முடியட்டும். ஐப்பசியின் முதல் பெருமழை நின்றதும் போய், இரு கரைச் சேர்க்கையிலும் கல் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து அன்றைக்கே சரிசெய்யுங்கள். அடுத்த மழை காத்திருக்காது.