கீப்பரை மாற்றலாம், ஆனால் இப்படியா?

2023 ஜூலையில் கோல்கீப்பர் டேவிட் டி ஹேயா இங்கிலாந்து கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டை விட்டுப் போனபோது "அப்பாடா" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். 12 வருடம், 545 ஆட்டங்கள். போகிற சீசனில்கூட 17 லீக் ஆட்டங்களில் ஒரு கோலும் விடாமல், அப்படி அதிக ஆட்டங்கள் ஆடிய கீப்பருக்குத் தரும் கோல்டன் க்ளவ் விருதை வாங்கிக்கொண்டு போன மனிதர். "இப்படி ஒரு ஆளை அனுப்பிவிட்டு யாரைத் தேடப் போகிறார்கள்?" என்று தம்பி அன்றைக்கே சண்டைக்கு வந்தான். இன்னும் ஓயவில்லை அந்தச் சண்டை.

என் வாதத்துக்கு அந்த ஏப்ரலில் நடந்த செவியா ஆட்டம் ஒன்றே போதும். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக்கின் காலிறுதி. 8-வது நிமிடம். யுனைடெட்டின் தடுப்பாட்டக்காரர் ஹாரி மெக்வயர் பாக்ஸுக்குப் (கோலுக்கு முன்னால் கட்டம் போட்ட இடம்) பக்கத்தில் நிற்கிறார், சுற்றிலும் செவியா ஆட்கள் மோப்பம் பிடித்து நிற்கிறார்கள், வேறு யாருக்காவது தூக்கி அடித்திருக்கலாம், ஆனால் டி ஹேயா அவருக்கே பந்தை உருட்டிவிட்டார். பறிபோனது, செவியாவின் என்-நெசிரி கோல். பிறகு 81-வது நிமிடத்தில் கோலை விட்டு வெகுதூரம் வெளியே ஓடி வந்து, ஓங்கி உதைத்து அனுப்ப வேண்டிய பந்தைக் காலில் நிறுத்தப் பார்த்துச் சொதப்பினார். காலியாகக் கிடந்த கோலுக்குள் அதே என்-நெசிரி அடித்தார். இடையில் விழுந்த இன்னொரு கோலையும் சேர்த்து 3-0, யுனைடெட் வெளியே.

காலால் ஆடத் தெரியாத கீப்பருக்குக் காலம் ஒத்துழைக்கவில்லை என்பதுதான் விஷயம். 1992-இல் பேக்பாஸை, அதாவது சொந்த அணிக்காரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தை, கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று விதி வந்தது. 2019-இலிருந்து கோல் கிக்கை (கோல் பக்கத்திலிருந்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கும் உதை) பாக்ஸுக்குள்ளேயே சக ஆட்டக்காரர் வாங்கலாம் என்றானது. அதன் பிறகு எதிரணி நேராகக் கீப்பரின் காலைக் குறிவைத்தே ஓடிவருகிறது. போதாததற்கு அந்த மே மாதம் வெஸ்ட் ஹாம் ஆட்டத்தில் பென்ரஹ்மா அடித்த சோப்ளாங்கிப் பந்து டி ஹேயாவின் கையிலேயே பட்டு உள்ளே போனது. கையும் தளர ஆரம்பித்துவிட்டது என்றேன் தம்பியிடம். அவனால் பதில் சொல்ல முடியவில்லை.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? ஆந்த்ரே ஒனானா வந்தார். கால் பிரமாதம். ஆனால் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் பயர்ன் மியூனிக்கோடு சானே அடித்த பந்து அவருக்கு அடியில் நழுவிப் போனது. கலாட்டாசராய் ஆட்டத்தில் ஜியேஷின் ஃப்ரீ கிக்குகளில் இரண்டு உள்ளே போயின, அதில் ஒன்றை அவரே கையால் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. யுனைடெட் குரூப்பில் கடைசி இடம். (கோபன்ஹேகன் ஆட்டத்தில் கடைசி நொடிகளில் ஒரு பெனால்டியைத் தடுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.) இப்போது பதில் சொல்ல முடியாமல் நின்றது நான்.

ஆனாலும் ஒனானாவை மட்டும் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் இதே ஒனானா அதற்கு முந்தின வருடம் இன்டர் மிலானில் பழைய கீப்பரை மாற்றும் வேலையை அழகாகச் செய்தவர். அங்கே 2012-இலிருந்து ஹண்டனோவிச், அவர்தான் கேப்டனும். ஒனானா வந்த உடனே இடம் கிடைக்கவில்லை, பெஞ்சில்தான் உட்கார்ந்தார். பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கைமாறியது. பெரியவர் வெளியேறவில்லை, அதே டிரஸ்ஸிங் ரூமில்தான் இருந்தார். அந்த சீசனில் இன்டர் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரைக்கும் போனது. யுனைடெட்டிலோ பெரியவர் வாசலைத் தாண்டிய அதே மாதம் புது ஆள் உள்ளே, முதல் நாளிலிருந்தே எல்லாம் அவர் தலையில்.

யுனைடெட்டுக்கு இது தெரியாத பாடமும் இல்லை. 1999-இல் கீப்பர் ஷ்மைக்கேல் போனபின் போஸ்னிச், தைபி, பார்தெஸ் என்று வரிசையாக ஆளை மாற்றி, 2005-இல் வான் டெர் சார் வரும்வரை அலைந்தார்கள். தைபி கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், எதிரணியின் லெ டிஸியே தரையோடு அடித்த சவசவ பந்து அவர் உடம்புக்கடியில் புகுந்து கோலுக்குள் உருண்டது. மான்செஸ்டர் சிட்டியும் 2016-இல் ஜோ ஹார்ட்டை ஒதுக்கிவிட்டு பிராவோவைக் கொண்டுவந்து ஒரு வருடம் பட்டபின்தான் எடர்சன் கிடைத்தார். பழையவருக்கு அடுத்து வருகிறவர் பெரும்பாலும் பலியாடு, அதற்கடுத்து வருகிறவர்தான் நிலைக்கிறார். ஏன், டி ஹேயாவையே 2011-இல் வந்த புதிதில் "இந்தப் பொடியன் தாங்குவானா" என்று கிண்டல் பண்ணினார்கள்தானே. பொறுத்துக்கொண்டதால் 12 வருடம் கிடைத்தது.

அதனால் என் கட்சி மாறவில்லை, கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மாற்றியிருக்க வேண்டும். ஆனால் 2022-லேயே ஒருவரைக் கொண்டுவந்து கப் ஆட்டங்களைக் கொடுத்து, ஒரு சீசன் இரண்டு பேரையும் வைத்திருந்து மாற்றியிருக்க வேண்டும். வாங்கும்போது முதலில் கையைப் பார், காலை அப்புறம் பார். "இதைத்தானே நான் அன்றைக்கே சொன்னேன்" என்கிறான் தம்பி. அவன் அப்படிச் சொல்லவே இல்லை, மாற்றவே கூடாது என்றுதான் சொன்னான்.

டி ஹேயா ஒரு வருடம் கிளப்பே இல்லாமல் இருந்துவிட்டு 2024 ஆகஸ்டில் ஃபியோரெண்டினாவுக்குப் போனார். அக்டோபரில் ஏசி மிலானோடு ஆட்டம். ஒரே ஆட்டத்தில் இரண்டு பெனால்டியைத் தடுத்தார், ஃபியோரெண்டினா 2-1 என்று ஜெயித்தது. அன்று ராத்திரி தம்பியிடமிருந்து மெசேஜ் வந்தது. எழுத்தே இல்லை, இரண்டு கையுறை எமோஜி மட்டும். நான் பார்க்காத மாதிரி படுத்துத் தூங்கிவிட்டேன்.